முனகலும் மூன்றாம் முள்ளும்

புதிய ஆம்பிளிஃபயரைக் கணினியுடன் இணைத்ததும் பாடலின் அடியில் ஓயாத முனகல் கேட்டது. கடையில் விலையுயர்ந்த பவர் கண்டிஷனரைப் பரிந்துரைத்தனர். நண்பரோ, பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொன்னார். அவ்வாறு செய்தால் முனகல் அடங்கக்கூடும். ஆயினும் உள்ளே மின்கசிவு ஏற்படின், உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நின்று, தொடுபவரின் உயிரையே பறிக்கலாம்.

இரு கருவிகளும் வெவ்வேறு சாக்கெட்டுகளில் எர்த் பெற்றிருந்தன. ஒலிக்கம்பியும் அவற்றைப் பிணைத்தது. அவ்வாறு உருவான வளையத்தில் பாயும் சிறு மின்னோட்டமே 50 ஹெர்ட்ஸ் முனகலாக ஒலியில் கலந்தது. ஆம்பிளிஃபயருக்கு மட்டும் கண்டிஷனர் பொருத்தினால் வளையம் அப்படியே இருக்கும்.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். முனகல் ஏறத்தாழ மறைந்தது. (செலவைக் கணக்கிட்டே பழகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.) பின்னர் எலெக்ட்ரீஷியனை அழைத்து வீடு முழுவதும் எர்த்தைச் சோதித்தபோது, சமையலறைச் சாக்கெட்டில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை எனத் தெரிந்தது. குளிர்பதனப் பெட்டி அதில்தான் இயங்கிவந்தது.