கூரையின் உஷ்ணமும் மின்சாரச் சிக்கனமும்

கீற்றுக் குடிசை போய்க் கான்கிரீட் வீடு எழும்புவது எந்தக் கிராமத்திற்கும் மகிழ்ச்சி தரும் காட்சியாகும். நெருப்புப் பயம் இல்லை. ஆண்டுதோறும் கூரை வேயும் செலவும் இல்லை. 2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தினால் இத்தகைய வீடுகள் ஊர்தோறும் பெருகி வருகின்றன. ஆயினும் புதுவீட்டில் குடிபுகுந்தோர் சித்திரை பிறந்ததும் கூறும் குறை ஒன்று உண்டு. குடிசையில் வந்த உறக்கம் இங்கே வருவதில்லை என்பதே அது. இதனை நாம் அலட்சியம் செய்தற்கில்லை.

கீற்று உஷ்ணத்தை எளிதில் உள்ளே விடாது. கான்கிரீட் தளமோ பகல் முழுதும் வெயிலை வாங்கிச் சேமித்து, அந்திக்குப் பின்னரும் மெல்ல மெல்லக் கீழே விடுகின்றது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குவது இதனாலேதான். தகரம் பகலில் தகித்தாலும் இரவில் விரைவில் ஆறிவிடும். அந்த நன்மைகூட இதற்கில்லை.

விசிறி இருக்கின்றதே என்பர் சிலர். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடலின் வியர்வையை ஆற்றுவதோடு சரி. 75 வாட் விசிறி ஒன்று நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதங்களில் 54 யூனிட் செலவாகும். விசிறி இரண்டானால் 108 யூனிட். வீடுகளுக்கு 2016 முதல் இரு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கிடைக்கும் 100 யூனிட் விசிறிக்கே போதவில்லை! 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிக்கு அதே நேரத்தில் ஏறக்குறைய 22 யூனிட்டே ஆகும். விலை கூடுதலாயினும், பழைய விசிறி பழுதாகும்போது இதனை வாங்குவது நன்று.

எனினும் உஷ்ணத்தைக் கூரையிலேயே தடுப்பதுதான் முதல் வேலை. முற்கால மெத்தை வீடுகளில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மீது தட்டோடு பதித்தனர். இன்றும் பணவசதி உள்ளோர் அவ்வாறே செய்யலாம். இயலாதோர்க்குச் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. வெண்மை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை அல்லது மாசியில் தளத்தைப் பெருக்கிக் கழுவி, விரிசல்களை அடைக்க வேண்டும். கல் சுண்ணாம்பை முதல்நாளே நீற்றி வைத்து, மறுநாள் வடிகட்டிச் சிறிது வஜ்ஜிரம் சேர்த்து, தளத்தை நனைத்து, இரண்டு மூன்று முறை பூசுக. மழை இதனைக் கரைத்துவிடுமாதலால் ஆண்டுதோறும் பூசவேண்டும். பூசிய தளத்தில் நெல்லும் வற்றலும் உலர்த்தும் வழக்கத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நலம். அழுக்கேறிய வெண்மையால் பயன் குறைவு. மேற்குச் சுவரோரம் அவரைப் பந்தல் போட்டால் மாலை வெயிலுக்கும் தடையாகும்; காயும் கிடைக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஜனவரி 26 கிராம சபையிலேயே இதனை எடுத்துரைத்து, முதலில் அங்கன்வாடிக் கட்டிடத்தின் தளத்தில் பூசிக் காட்டலாம். உள்ளே வந்து நின்று பார்ப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டியிராது. சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் மட்டும் குழந்தைகளை அண்டவிடலாகாது. கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.