மறக்கும் சொற்களும் நிற்கும் சொற்களும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள தென்னேரி என்றதும் அங்குள்ள பெரிய ஏரிதான் நினைவுக்கு வரும். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற அந்த வட்டாரத்தில் ஒரு தறி வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா தறியில் இருக்கிறார். அக்கா நர்சிங் படித்து முடித்தவள். பிரிட்டனில் செவிலியராக வேலை பார்க்க அவளுக்கு ஆசை. அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஓர் ஆங்கிலத் தேர்வில் போதிய மதிப்பெண் வாங்க வேண்டும். தம்பி பத்தாம் வகுப்பு மாணவன்.

"என்னக்கா, விடியறதுக்குள்ளயே அகராதியோட உட்கார்ந்துட்ட?"

"ஒரு நாளைக்கு அம்பது வார்த்தைடா. 'ஏ' எழுத்துல ஆரம்பிச்சிருக்கேன்."

"சரி, போன வாரம் படிச்சதுல ஒண்ணு கேக்கறேன். 'அபேட்'னா என்ன?"

அக்கா யோசித்தாள். "வெட்கப்பட வைக்கிறதா? இல்ல, உடந்தையா இருக்கிறதா? போடா, எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. தமிழ் மீடியத்துல படிச்சா இவ்வளவுதான்."

அக்கா சொன்னது சரிதானா? இல்லை. அவளுடைய மூளையில் ஒரு குறையும் கிடையாது. அவள் படிக்கும் முறையில்தான் குறை. சொற்கள் மனத்தில் எப்படித் தங்குகின்றன, எப்படி நழுவுகின்றன என்பதை விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைப் பார்ப்போமா?

எல்லாச் சொற்களும் சமமா?

பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கும். ஆனால் அவை எல்லாம் ஒரே அளவில் புழங்குவதில்லை. உங்கள் ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து, 'தி' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொதுவாக நூறு சொற்களுக்கு ஆறு ஏழு முறையாவது வரும். 'ஆஃப்', 'அண்ட்', 'டு', 'இன்' போன்ற சொற்களும் அப்படியே. அடிக்கடி வரும் முதல் பத்துச் சொற்களே ஆங்கில எழுத்தில் கால் பங்கை நிரப்பி விடுகின்றன. முதல் நூறு சொற்கள் ஏறக்குறையப் பாதியை நிரப்புகின்றன!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்பவர் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை 1930-களில் விளக்கிக் காட்டினார். அடிக்கடி வருவதில் இரண்டாம் இடம் பெறும் சொல், முதல் சொல்லில் ஏறத்தாழப் பாதி அளவே வரும். மூன்றாம் இடத்துச் சொல் மூன்றில் ஒரு பங்கு வரும். இப்படியே குறைந்து கொண்டே போய், அகராதியில் உள்ள பெரும்பாலான சொற்கள் மிக அரிதாகவே கண்ணில் படும்.

அகராதியோ அகர வரிசையில் அமைந்தது. எந்தச் சொல் அதிகம் பயன்படும் என்பதை அது பார்ப்பதில்லை. அக்கா மனப்பாடம் செய்த ஐம்பது சொற்களில் பல, அவள் தேர்வில் ஒருமுறை கூட வராமல் போகலாம். அது மட்டுமா? 'அபேஸ்', 'அபாஷ்', 'அபேட்', 'அபெட்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. (அந்த 'அபேஸ்' நம் ஊர் 'அபேஸ்' அல்ல! அதற்குத் தாழ்த்துதல் என்று பொருள்.) ஒத்த உருவமுள்ள சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக் கொள்ளும். அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். 'அபேட்' என்றால் தணிதல்.

டாக்காவில் ஓர் ஆசிரியர்

இன்று வங்காளதேசத்தின் தலைநகராக உள்ள டாக்கா, அன்று பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். வங்காள மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும், ஒரு புத்தகத்தைத் தாமே படித்துப் புரிந்து கொள்ள முடியாமல் திணறுவதை அவர் கண்டார். மாணவர்கள் மந்தமானவர்களா? வெஸ்ட் பாடநூல்களை ஆராய்ந்தார். குறை அங்கேதான் இருந்தது. வழக்கில் இல்லாத பழைய சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. புதிய சொற்கள் நெருக்கி அடித்துக் கொண்டு வந்தன. ஒருமுறை வந்த சொல் மறுபடி தலைகாட்டுவதே அரிதாக இருந்தது.

அவர் பாடநூல்களைத் திருத்தி எழுதினார். அரிய சொற்களை நீக்கி, அடிக்கடி பயன்படும் சொற்களை வைத்தார். புதிய சொற்களை இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறு செய்தார். தம் ஆராய்ச்சியை 1926-இல் நூலாக வெளியிட்டார். 1935-இல் அவர் பங்கு கொண்டு உருவாக்கிய ஆங்கில அகராதி, 1490 சொற்களை மட்டுமே கொண்டு சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் கொடுத்தது. 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்த பொதுச் சொற்கள் சுமார் 2000 மட்டுமே. பொதுவான ஆங்கில நூல்களில் பத்தில் எட்டுச் சொற்கள் இந்தப் பட்டியலுக்குள் அடங்கி விடும்.

ஆகவே முதலில் கற்க வேண்டியவை இந்த 2000 சொற்கள்தாம். இவை தறியில் பாவு போன்றவை. பாவு ஓட்டாமல் எந்த நெசவாளியும் ஊடையைப் போடுவதில்லை அல்லவா?

இதைப் படித்துப் பாருங்கள்

பத்தில் எட்டுச் சொல் தெரிந்தால் போதுமா? ஒரு சிறு சோதனை. கீழே உள்ள பகுதியில் சில சொற்கள் நாமே இட்டுக் கட்டியவை.

'ஐப்பசி துபலையில் பிரோகு நிரம்பிவிட்டது. காவலர் வந்து லுமட்டையைத் திறந்தார். கெவல் வழியே மிசுப்பு பாய்ந்து வயல்களை அடைந்தது. விதைக்கக் காத்திருந்த உழவர்கள் மகிழ்ந்து ஏர் பூட்டினர்.'

லுமட்டை என்றால் என்ன? கதவா, மூட்டையா, குழாயா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது இதைப் படியுங்கள்:

'ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது. காவலர் வந்து லுமட்டையைத் திறந்தார். வாய்க்கால் வழியே தண்ணீர் பாய்ந்து வயல்களை அடைந்தது. விதைக்கக் காத்திருந்த உழவர்கள் மகிழ்ந்து ஏர் பூட்டினர்.'

லுமட்டை என்பது மதகு! இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அகராதியையும் நீங்கள் புரட்டவில்லை. இரண்டு பகுதிகளிலும் இருபது சொற்களே உள்ளன. முதலாவதில் ஐந்து சொற்கள் தெரியாதவை. இரண்டாவதில் ஒன்றே ஒன்று. தெரிந்த சொற்கள் சூழ்ந்து நின்று, தெரியாத சொல்லைக் காட்டிக் கொடுத்து விட்டன.

நியூசிலாந்தில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதை ஆங்கிலத்தில் சோதித்தார்கள். நூற்றுக்கு 80 சொற்கள் மட்டும் தெரிந்திருந்தபோது ஒருவர் கூடப் பகுதியைப் போதிய அளவு புரிந்து கொள்ளவில்லை. 98 சொற்கள் தெரிந்திருந்தபோதுதான் பெரும்பாலோர் உதவியின்றிப் புரிந்து கொண்டார்கள்.

எனவே வாசிப்புப் பழக்கத்துக்குக் கடினமான நூலைத் தேர்ந்தெடுப்பது வீரம் அல்ல. நூறு சொற்களை எண்ணிக் கொள்ளுங்கள். தெரியாதவை இரண்டு மூன்றுக்குள் இருந்தால் அது உங்களுக்கு ஏற்ற நூல். ஐந்துக்கு மேல் போனால் இன்னும் எளிய நூலை எடுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர் ஆறாம் வகுப்பு ஆங்கிலக் கதையைப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏன் மறக்கிறோம்?

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற விஞ்ஞானி மறதியை அளந்து பார்க்க விரும்பினார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக எழுதி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு சிறிது காலம் விட்டு, மீண்டும் அதே வரிசையைக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவிகிதம். ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. ஒரு மாதம் கழித்து 21. இந்த முடிவுகளை 1885-இல் வெளியிட்டார்.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெல்லச் சாய்வதைக் காண்பீர்கள். அதாவது மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்து விடுகிறது. பொருளுள்ள செய்திகள் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. என்றாலும் கோட்டின் வடிவம் அதுவே. அக்கா மறந்தாள் என்றால், எல்லா மனிதர்களையும் போலவே மறந்தாள் என்றுதான் பொருள்.

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் 68 முறை படித்து அடைந்த பயனை, மூன்று நாட்களில் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே அடைந்தார். ஏறக்குறையப் பாதி உழைப்பு! தேர்வுக்கு முந்தைய இரவு கண் விழித்துப் படிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

பார்ப்பது வேறு, நினைப்பது வேறு

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் தாளை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறியது. மீண்டும் படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 42 சதவிகிதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவிகிதம்.

புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது சொற்கள் பழகிய முகம் போலத் தோன்றும். 'எனக்குத் தெரியும்' என்று நாம் ஏமாந்து விடுவோம். மூடி வைத்து நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் நினைவு உறுதிப்படுகிறது. எடுக்க வராமல் சற்றுத் திணறினால் கவலை வேண்டாம். அந்தத் திணறலும் பயிற்சியே.

மூன்று பெட்டிகள்

இந்த இரண்டு உண்மைகளையும் இணைத்து ஓர் எளிய முறையை 1972-இல் தம் நூலில் விளக்கினார் செபாஸ்டியன் லைட்னர் என்பவர். இதற்குப் பணம் செலவில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களைச் சிறு அட்டைகளாக வெட்டிக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லையும், மறு பக்கம் அதன் பொருளையும், அந்தச் சொல் நீங்கள் படித்த நூலில் வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். மூன்று பெட்டிகள் வேண்டும். புதிய அட்டைகள் எல்லாம் முதல் பெட்டியில்.

முதல் பெட்டியைத் தினமும் எடுங்கள். சொல்லைப் பார்த்துப் பொருளை நினைவுகூருங்கள். பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அங்கும் சரியானால் மூன்றாம் பெட்டி. அதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். எந்தப் பெட்டியில் தவறினாலும் அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பி விடும். இதனால் தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது. தெரியாத சொல் தப்பிக்கவும் முடியாது. நாளொன்றுக்கு எட்டுப் பத்துப் புதிய சொற்களே போதும்.

நம் கையில் உள்ள புதையல்

தமிழ் வழியில் அறிவியல் படிப்பவர்களிடம் ஒரு புதையல் இருக்கிறது. டெலிபோன் தொலைபேசி. டெலஸ்கோப் தொலைநோக்கி. டெலிவிஷன் தொலைக்காட்சி. 'டெலி' என்றால் தொலை என்பது இப்போது தானாகத் தெரிகிறது அல்லவா? மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. 'மைக்ரோ' நுண்மை, 'ஸ்கோப்' நோக்கி. போட்டோசிந்தசிஸ் ஒளிச்சேர்க்கை. 'போட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை. தெர்மாமீட்டர் வெப்பமானி.

தேர்வில் வரும் பகுதிகள் பல அறிவியல், வரலாறு, சுற்றுச்சூழல் பற்றியவை. தமிழில் அந்தச் செய்தியை முன்பே அறிந்தவர், ஆங்கிலப் பகுதியில் பாதி வழியைக் கடந்தவர் ஆவார். தமிழில் நிறையப் படிப்பதும் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாரிப்பே!

தேர்வு அறையில்

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொரு புதுச் சொல்லிலும் நின்று விட்டால் நேரம் போதாது. தெரியாத சொல் வந்தால் அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே துப்பு கிடைக்கும். கிடைக்காவிட்டால், கேள்விக்கு அந்தச் சொல் தேவையா என்று பார்த்துத் தாண்டிச் செல்லுங்கள். இந்தத் துணிவு தேர்வு அறையில் திடீரென்று வராது. தினமும் அரை மணி நேரம், எளிய நூலை அகராதி இல்லாமல் படித்தவர்களுக்கே வரும்.

செய்து பாருங்கள்

நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத 20 ஆங்கிலச் சொற்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். பத்தை 'அ' என்றும் பத்தை 'ஆ' என்றும் பிரியுங்கள். 'ஆ' சொற்களை ஐந்து நாட்கள், நாளுக்கு இருமுறை, பொருளை மூடி வைத்து நினைவுகூருங்கள். 'அ' சொற்களை ஐந்தாம் நாள் மாலையில் ஒரே அமர்வில் பத்து முறை படியுங்கள். இரண்டுக்கும் பத்து முறைதான். பிறகு ஒரு வாரம் இரண்டையும் தொடாதீர்கள். எட்டாம் நாள் நண்பர் ஒருவரை, கலந்து கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை நினைவிருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள்.

ஒருவரின் முடிவை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது. வகுப்பில் பத்துப் பேராவது செய்து, கூட்டிச் சராசரி காணுங்கள். முடிவை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.