இருதய நாளத்தில் பொருத்தும் குழல்: பலனை அளப்பதும் பெருக்குவதும்

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் உறுப்பு. ஆயினும் தன் தசைகளுக்கு வேண்டிய இரத்தத்தை அது தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்திலிருந்து பெரும்பாலும் பெறுவதில்லை. மகாதமனியின் அடியில் கிளைத்து, இருதயத்தின் மேற்பரப்பில் மகுடம்போல் படர்ந்திருக்கும் கொரோனரி தமனிகளே அதற்கு உணவூட்டுகின்றன. இந்நாளங்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து வழி குறுகுகிறது. படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழி முற்றிலும் அடைபடுமானால் மாரடைப்பு உண்டாகிறது. அடைபட்ட சுமார் அரை மணி நேரத்தில் தசைகள் மடியத் தொடங்குகின்றன.

குறுகிய வழியை விரித்து, மீண்டும் சுருங்காதபடி தாங்கி நிற்பதற்காக நாளத்தினுள் வைக்கப்படும் மெல்லிய உலோக வலைக்குழலே ஸ்டென்ட் எனப்படுவது. மணிக்கட்டு அல்லது தொடையிலுள்ள தமனியின் வழியாக ஒரு நுண்குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து, இக்குழலைப் பொருத்துகின்றனர். திரையில் இரத்தம் தடையின்றி ஓடுவதைக் கண்டதும் சிகிச்சை வெற்றி பெற்றதாக உறவினர் மகிழ்கின்றனர். ஆனால் மருத்துவ ஆராய்ச்சியாளர் அப்பொழுதே அவ்வாறு முடிவு செய்வதில்லை. நோயாளி ஓராண்டு கழித்து எவ்வாறு இருக்கிறார் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு விடை காண்பதில் பெங்களூருவில் நடைபெற்ற ஆராய்ச்சிகளுக்குச் சிறப்பான இடம் உண்டு.

குழல் வளர்ந்த வரலாறு

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர், கொரோனரி தமனியின் அடைப்பைப் பலூன் கொண்டு முதன்முதலாக விரித்தார். இம்முறை விரைவில் பரவியது. எனினும் ஒரு குறை விடாது தொடர்ந்தது. விரிக்கப்பட்ட நாளம் சில மாதங்களில் பலருக்கு மீண்டும் குறுகியது. இதனைத் தடுக்கும் பொருட்டு 1986-ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் புயெல் என்பவரும், சுவிட்சர்லாந்தில் உல்ரிக் ஸிக்வார்ட் என்பவரும் உலோகக் குழலை மனிதரின் இருதய நாளத்தில் பொருத்தினர்.

குழல் உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளின் முடிவுகள் 1994-இல் வெளியாயின. அவற்றுள் ஒன்றான பெனஸ்டென்ட் சோதனையில், பலூன் மட்டும் பயன்படுத்தப்பட்டோரில் 32 சதவீதத்தினருக்கு நாளம் மீண்டும் குறுகியது. குழல் பொருத்தப்பட்டோரில் அது 22 சதவீதமாக இருந்தது. திசு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய குழல்கள் அதன் பின்னர் வந்து, இவ்விகிதத்தை மேலும் வெகுவாகக் குறைத்தன. மருந்து பூசிய குழல்களும் ஒன்றுபோல் பயன் தருவன அல்ல என்பதை இந்திய ஆராய்ச்சி ஒன்று நிறுவியது. நீரிழிவு உள்ள 1,830 நோயாளிகளைக் கொண்டு நம் நாட்டில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான அச்சோதனையில், ஓராண்டிற்குள் குழல் பயனற்றுப்போன நிகழ்ச்சிகள் ஒருவகைக் குழலில் 5.6 சதவீதமும், மற்றொரு வகையில் 2.9 சதவீதமும் ஆகும். பொருத்திய அன்று இவ்விரு வகைகளும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். தொடர்ந்து கவனித்ததனால்தான் வேறுபாடு வெளிப்பட்டது.

எவற்றை அளப்பது?

பலனை மதிப்பிடுவோர் பொதுவாக ஐந்து செய்திகளைக் குறித்துக் கொள்கின்றனர். நோயாளி உயிருடன் உள்ளாரா, மறுபடியும் மாரடைப்பு ஏற்பட்டதா, அதே நாளத்தில் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டதா, குழலினுள் இரத்தம் உறைந்ததா, மருந்தினால் கடுமையான இரத்தப்போக்கு உண்டாயிற்றா என்பனவே அவை. இவற்றை மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாள், முப்பதாம் நாள், ஓராண்டு முடிவு என்ற கட்டங்களில் பதிவு செய்வது வழக்கம்.

எண்களைத் திரட்டுவது மட்டும் போதாது. நன்கு பயின்ற மாணவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும், எல்லா மாணவரையும் ஏற்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வயது, நீரிழிவு, சிறுநீரக நோய், வந்து சேர்ந்தபோதிருந்த இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டே இறப்பு விகிதங்களை ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் மருத்துவமனைவாரியாக இவ்விகிதங்களை வெளியிட்டு வந்தபோது, மிக அபாயமான நிலையிலுள்ள நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கச் சில மருத்துவர் தயங்குகின்றனர் என்ற கவலை எழுந்தது. பின்னர் இருதய அதிர்ச்சி நிலையில் வருவோர் அக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டனர். தவறான அளவுகோல் நோயாளிக்கே தீங்காக முடியக்கூடும் என்பதற்கு இது சான்று.

குழல் எவருக்குத் தேவை என்பதும் பலனைச் சார்ந்த கேள்வியே. மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது அது உயிர் காக்கும் சிகிச்சை. நடக்கையில் மட்டும் வலி வந்து, ஓய்வில் தணியும் நிலையான நோயில் அதன் நிலை வேறு. இத்தகைய 5,179 பேரை ஆராய்ந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா சோதனையில், மருந்துகளுடன் குழலோ அறுவையோ சேர்த்துப் பெற்றோருக்கும், முதலில் மருந்து மட்டும் பெற்றோருக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. வலி நீங்குவதில் மட்டும் முன்னவர் கூடுதல் பயன் அடைந்தனர். நாளத்தினுள் இரத்த அழுத்தத்தை அளந்து, தேவையான இடத்தில் மட்டும் குழல் பொருத்தினால் குறைந்த குழல்களைக்கொண்டே மேலான பலன் கிடைக்கும் என்பதை 2009-இல் வெளியான ஃபேம் சோதனை காட்டியது.

பெங்களூருவில் தொகுக்கப்பட்ட பதிவேடு

நம் நாட்டு மாரடைப்பு நோயாளிகளின் நிலையை அறியும் பொருட்டு, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்களான டெனிஸ் சேவியர், பிரேம் பைஸ் ஆகியோரும், பிற நகரங்களின் மருத்துவர்களும் சேர்ந்து ‘கிரியேட்’ என்னும் பதிவேட்டைத் தொகுத்தனர். 50 நகரங்களிலுள்ள 89 மருத்துவமனைகளிலிருந்து 20,937 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின.

நோயாளிகளின் சராசரி வயது 57.5. நோய் தெளிவாக உறுதி செய்யப்பட்டோரில் 60.6 சதவீதத்தினருக்கு, நாளம் முற்றிலும் அடைபடுவதால் உண்டாகும் கடுமையான வகை மாரடைப்பு இருந்தது. வலி தொடங்கியது முதல் மருத்துவமனையை அடைவதற்கு ஆன காலத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள். அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே வந்து சேர்ந்தனர். மருத்துவமனைக்குள் வந்த பிறகு உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெற ஆன காலமோ 50 நிமிடங்களே. தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனையின் வாயிலுக்கு வெளியிலேயே நிகழ்ந்தது என்பது இதனால் விளங்கும்.

பதிவேட்டின் மிக முக்கியமான செய்தி வேறொன்று. வசதி படைத்தோரில் 15.3 சதவீதத்தினருக்குப் பலூன் அல்லது குழல் சிகிச்சை கிடைத்தது. ஏழைகளில் 2 சதவீதத்தினருக்கே கிடைத்தது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பெற்றோர் முறையே 61.2 சதவீதமும் 36 சதவீதமும் ஆவர். முப்பது நாட்களுக்குள் இறந்தோர் வசதி படைத்தோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். இவ்வேறுபாட்டிற்கு ஏழைகளின் உடல்நிலை காரணமா, சிகிச்சை காரணமா என்று ஆராய்ந்தனர். உடல்நிலையைக் கணக்கில் கொண்டபோதும் வேறுபாடு நீங்கவில்லை. அளிக்கப்பட்ட சிகிச்சையைக் கணக்கில் கொண்டபோது அது மறைந்தது. ஏழை கூடுதலாக இறந்தது நோயின் கடுமையினால் அன்று; கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காததனாலேயே என்பது இக்கணக்கின் பொருள். அவ்வாறு கிடைக்காதவற்றுள் விலை உயர்ந்த குழல் ஒன்று. மலிவான மாத்திரைகளும் அவற்றுள் அடங்கும்.

விலையைப் பொறுத்தவரை பின்னர் மாறுதல்கள் ஏற்பட்டன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், வெறும் உலோகக் குழலுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசிய குழலுக்கு 29,600 ரூபாயும் உச்சவிலையாக விதித்தது. அதற்கு முன் பின்னது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்கப்பட்டது. அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் இச்சிகிச்சையை ஏற்றுள்ளன. ஆயினும் நேரமும் தொடர்ந்த மருந்தும் விலைக் கட்டுப்பாட்டினால் மட்டும் கிடைத்துவிடுவன அல்ல.

நேரத்தை மீட்கும் ஏற்பாடு

மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் குழல் பொருத்த இயலுமாயின் அதுவே சிறந்தது. அவ்வளவு விரைவில் கொண்டுசேர்க்க இயலாத ஊர்களில், உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை உள்ளூரிலேயே உடனே செலுத்தி, அதன் பின்னர் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஒரு நாளைக்குள் நாளங்களைப் படமெடுத்துப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்று வழி.

தமிழ்நாட்டில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன், சக்கரத்தின் ஆரைகள் குடத்துடன் பொருந்துவதுபோல் இணைத்தனர். மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசரி ஆகியோர் முன்னின்று நடத்திய இத்திட்டத்தில் 2,420 நோயாளிகள் ஆராயப்பட்டனர். 2017-இல் வெளியான முடிவுகள் கவனிக்கத்தக்கவை. மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தோர் ஏற்பாட்டிற்கு முன் 5.8 சதவீதம், பின் 5.6 சதவீதம். ஏறக்குறைய வேறுபாடே இல்லை. ஆனால் ஓராண்டிற்குள் இறந்தோர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தனர். முன்னும் பின்னுமாக ஒப்பிட்ட ஆராய்ச்சியாதலால் ஏற்பாடு ஒன்றே முழுக் காரணம் என்று அறுதியிட இயலாது. எனினும், வீடு திரும்பும் நாளோடு கணக்கை முடித்திருந்தால் இம்மாறுதல் கண்ணுக்கே புலப்பட்டிராது.

கர்நாடகத்தில் நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரால் அமைந்த இருதய ஜோதித் திட்டம் இதே முறையைப் பின்பற்றுவது. பெங்களூருவிலுள்ள ஸ்ரீ ஜெயதேவ இருதய நோய் ஆராய்ச்சி நிலையம் இதன் மையங்களுள் ஒன்று. மாநில அரசின் தன்னாட்சி நிறுவனமான இந்நிலையத்திற்கு மைசூரிலும் கலபுரகியிலும் கிளைகள் உள்ளன. தாலுகா மருத்துவமனையில் எடுக்கப்படும் இருதய மின்வரைபடம் மையத்திற்கு அனுப்பப்படுகிறது. நிபுணர் அதைப் பார்த்து மாரடைப்பு என உறுதி செய்தால், உறைகட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசி அங்கேயே கட்டணமின்றிச் செலுத்தப்படுகிறது.

வீடு திரும்பிய பின்னர்

குழல் பொருத்தியதால் நோய் நீங்கிவிட்டது என்று கருதுவது பிழை. குழல் ஓரிடத்து அடைப்பையே விலக்குகிறது. நாளங்களில் கொழுப்பு படியும் நோய் தொடர்ந்தே இருக்கும். புதிய உலோகத்தின்மேல் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. மாரடைப்புக்குப் பின் பொதுவாக இவ்விரண்டும் ஓராண்டு வரை தேவைப்படும். நோயாளியின் நிலைக்கேற்ப மருத்துவர் அக்காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். அவரைக் கேளாமல் இடையில் நிறுத்தினால் குழல் திடீரென அடைபடக்கூடும். அவ்வாறு அடைபடுவது பலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. பல் பிடுங்குதல், சிறு அறுவை ஆகியவற்றின் பொருட்டும் தாமாக நிறுத்தலாகாது.

இத்துறையிலும் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தி, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். 14 மருத்துவமனைகளில் மாரடைப்புச் சிகிச்சை பெற்ற 800-க்கு மேற்பட்ட நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவரைப் பயிற்சி பெற்ற சமுதாய சுகாதாரப் பணியாளர் மருத்துவமனையிலும் பின்னர் வீட்டிலும் சந்தித்து, மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி, புகையிலை ஆகியவை பற்றிப் பேசி வந்தனர். ஓராண்டு முடிவில் மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டோர் முன்னதில் 92 சதவீதம். பின்னதில் 97 சதவீதம். புகையிலையைக் கைவிட்டோரும் உடற்பயிற்சி செய்தோரும் பின்னதில் அதிகம்; இரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணும் அளவுக்கு இச்சோதனை பெரிதாக அமைக்கப்படவில்லை. ஆயினும் மருத்துவர் அல்லாத பணியாளரால் பலனை உயர்த்த இயலும் என்பதற்கு இது தக்க ஆதாரம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியன

நடுமார்பில் இறுக்கமும் பாரமும், இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலி இன்றியே சோர்வும் குமட்டலும் மட்டும் தோன்றலாம். இதனை வாயுத் தொல்லை என எண்ணிச் சோடாவும் கஷாயமும் கொடுத்துக் காத்திருப்பதில் கழியும் மணிகளே 360 நிமிடங்களாகப் பதிவேட்டில் ஏறுகின்றன. உடனே 108 வண்டியை அழைத்து, மின்வரைபடம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். மின்வரைபடம் வந்த பத்து நிமிடங்களுக்குள் எடுக்கப்பட வேண்டும் என்பது விதி.

கிராமத்தில் குழல் பொருத்தப்பட்டோரின் பெயர், சிகிச்சை பெற்ற தேதி, உட்கொள்ளும் மருந்துகள், அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றைக் களப்பணியாளர் ஓர் ஏட்டில் குறித்து வைப்பது நலம். மாத்திரை தீர்ந்துவிட்டதா, பணமின்மையால் நிறுத்தப்பட்டதா என்று மாதம் ஒருமுறை கேட்டறிந்தால், நிறுத்தியவரைக் காலத்தில் மருத்துவரிடம் அனுப்ப இயலும். ஜெயதேவ நிலையம் 40 வயதுக்குட்பட்ட இருதய நோயாளிகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து ஆராய்ந்தபோது, அவர்களிடையே புகைப்பழக்கம் மிகுந்திருக்கக் கண்டது. அப்பழக்கம் தொடங்கும் வயதினர் பெரும்பாலும் வகுப்பறையில் அமர்ந்திருப்போரே ஆதலால், ஆசிரியர் கூறும் எச்சரிக்கைக்குத் தனி மதிப்புண்டு. மார்வலி கண்டால் செய்ய வேண்டுவதை மாணவர் கற்றால் அச்செய்தி வீட்டுக்கும் சென்று சேரும்.

குழலைப் பொருத்தும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அதற்கு முன்பு கழிந்த ஆறு மணி நேரமும், பின்பு வரும் ஓராண்டும் அதன் பலனைத் தீர்மானிக்கின்றன. அவ்விரு காலங்களிலும் நோயாளியின் அருகில் இருப்போர் பெரும்பாலும் அவருடைய ஊராரே ஆவர்.