‘வாழைப்பழம்’ சொல்லுங்க, சார்!

ஊரூர் ஒல்காட் குப்பம் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பெயரை ரசிப்பேன். 1894-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கிய அமெரிக்கக் கர்னலின் பெயர், தமிழ் நாக்குக்குத் தக்கபடி வளைந்து உட்கார்ந்துவிட்டது!

எல்லாம் மூளை செய்யும் வேலை. ஆறு மாசக் குழந்தைக்கு எந்த மொழி ஒலியும் கிட்டத்தட்டப் பிரிந்து கேட்கும். ஒரு வயதுக்குள், வீட்டில் புழங்காத ஒலிகளுக்குக் காது மந்தமாகிவிடும். வெள்ளைக்காரர் ‘ழ’வுக்குத் திணறுவது அதனால்தான்.

சொற்களுக்கு அந்தக் கெடு இல்லை. நாற்பது வயதிலும் ஏறும். ஒரே ராத்திரியில் உருப்போட்டால் நிற்காது. நாள் விட்டு நாள், புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தால் நிற்கும்.

வீட்டில் இங்கிலீஷே கேட்காத குப்பத்துப் பிள்ளைக்கு, வகுப்பில் காதில் விழுவதுதான் மூலதனம். அங்கேயும் இலக்கணத்தை மட்டும் திணித்தால் எப்படி, வாத்தியாரே? முதலில் பேசுங்கள், பேசவிடுங்கள்.

ஆபீஸ் நண்பரே, உங்கள் உச்சரிப்பைக் கேட்டுப் பக்கத்து சீட்காரர் சிரிக்கிறாரா? ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்லுங்கள்!