மூளைப் படமும் தற்காலிக மறதியும்

செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயில் 1956-ஆம் ஆண்டு அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. டிராம்பேயில் உற்பத்தியாகும் ஐசோடோப்புகள் நோயைக் கண்டறியவும் பயன்படுகின்றன. இதன்பொருட்டு 1963-இல் பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் நிறுவப்பட்டது. மூளையை ஆராய்வதற்கான ஐசோடோப்புப் பரிசோதனையில், கையிலுள்ள இரத்த நாளத்தின் வழியே சிறிதளவு மருந்து செலுத்தப்படுகிறது.

மூளை ஆஞ்சியோகிராம் இதனின்று வேறுபட்டது. 1927-இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் ஏகாஸ் மோனிஸ் இம்முறையைத் தோற்றுவித்தார். இக்காலத்தில் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனியின் வழியே மெல்லிய குழாய் ஒன்று கழுத்துத் தமனிவரை கொண்டுசெல்லப்படுகிறது. அதன்மூலம் அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்தி எக்ஸ்-ரே படங்கள் எடுக்கின்றனர்.

இப்பரிசோதனைக்குப்பின் மிக அரிதாகச் சிலருக்குத் தற்காலிக மறதி ஏற்படுகிறது. நோயாளி தம் பெயரை அறிவார். உற்றாரையும் அடையாளம் காண்பார். பேச்சிலும் தடுமாற்றம் இராது. ஆயினும், "நான் ஏன் இங்கு வந்தேன்?" என்று கேட்டு, விடை பெற்ற சில நிமிடங்களில் மீண்டும் அதையே கேட்பார். புதிய செய்தி எதுவும் அவர் மனத்தில் பதிவதில்லை.

புதிய நினைவுகள் பதிவதற்கு ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இன்றியமையாதது. கடற்குதிரை போன்ற வடிவுடைய இது மூளையின் இருபுறமும் உண்டு. இதற்கு இரத்தம் அளிப்பவை பெரும்பாலும் மூளையின் பின்பகுதித் தமனிகளே. செலுத்திய திரவத்தின் தாக்கம், தமனி சிறிது நேரம் சுருங்குதல், நுண்ணிய இரத்தக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று மறதிக்குக் காரணமாகலாம் என மருத்துவர்கள் கருதுகின்றனர்.

பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் நினைவாற்றல் திரும்பிவிடும். இடைப்பட்ட மணிகளின் நினைவு மட்டும் மீள்வதில்லை. எனினும், தானே சரியாகிவிடும் என்று வாளாவிருத்தல் தவறு. பக்கவாதமும் இவ்வாறு தொடங்கக்கூடும். அதனை வேறுபடுத்தியறிவது மருத்துவரின் பணி. பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், வலிப்பு, கடுந்தலைவலி ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதித்தலாகாது.

தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் செம்பூர் போன்ற இடங்களில் உறவினரின் பொறுப்பு பெரிது. நோயாளி ஒரே கேள்வியைத் தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டாலும், தமிழறியாத செவிலியருக்கு அது புலப்படாமற் போகலாம். அருகிலிருப்பவர் உடனே தெரிவித்தல் வேண்டும். மறதி தொடங்கிய நேரத்தையும் குறித்துக் கொடுக்க வேண்டும். நோயாளியைத் தனியே விடலாகாது, கடிந்துகொள்ளவும் கூடாது. கேட்குந்தோறும் அதே விடையை அமைதியாகக் கூறுவதே அவருக்குச் செய்யும் பேருதவி. களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பாராயின், வீண் அச்சமும் விலகும். ஆபத்தான அலட்சியமும் நீங்கும்.