தியாகபூமி திறந்த கதவு

மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் வயல்கள், ஊருக்குள் திண்ணை வைத்த வீடுகள் - வத்திராயிருப்பில் மாலை வேளையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அண்மையில் அங்கே ஒரு திண்ணையில் நம் நண்பர், "பழைய பேசும் படங்களில் பாட்டைத் தவிர என்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்டு வைத்தார். "தியாகபூமி இருக்கிறது" என்றோம்.

1939-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி வெளியான படம் அது. கல்கி எழுதிய கதை, படக்காட்சிகளையே சித்திரங்களாகக் கொண்டு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. டைரக்டர் ஸ்ரீ கே. சுப்ரமண்யம்.

புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்கு இடம் கொடுத்த சம்பு சாஸ்திரிகளை ஊரார் விலக்கி வைக்கிறார்கள். சங்கீத வித்வான் பாபநாசம் சிவன் அந்தச் சாஸ்திரிகளாகவே வாழ்கிறார். கணவனால் துரத்தப்பட்ட மகள் சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமி, பேத்தி சாருவாகப் பேபி சரோஜா. தேசப் பிரச்னையை மேடையில் ஏற்றாமல் ஒரு குடும்பத்தின் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதே இந்த டைரக்டரின் பாணி.

அதன் சிகரம் கோர்ட்டுக் காட்சி. செல்வச் சீமாட்டியாகிவிட்ட சாவித்திரி தன்னுடன் வந்து வாழ வேண்டுமென்று கணவன் வழக்காடுகிறான். அவளோ, "வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன்" என்ற கருத்தில் பதில் சொல்கிறாள்! சுப்ரமண்யம் வக்கீலுக்குப் படித்தவர். சட்டம் எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஹிந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமை பொதுவாகக் கிடைத்ததே 1955-ல்தான். சேர்ந்து வாழக் கோரும் வழக்கோ அதே சட்டத்தின் 9-வது பிரிவில் இன்றும் இருக்கிறது.

பாட்டுக்கள் அதிகந்தான், நடையும் நிதானந்தான். ஆயினும், ஓடிக்கொண்டிருந்த அப்படத்தை 1940-ல் பிரிட்டிஷ் ராஜாங்கம் தடை செய்தது. வெறும் பாட்டுக்கு அஞ்சியா தடை செய்வார்கள்?

மற்றொன்றும் சொன்னோம். படம் வெளியாகிச் சரியாக ஏழு வாரங்கள் கழித்து, ஜூலை 8-ந் தேதி, மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஸ்ரீ ஏ. வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றார். திரையில் கண்டது நம் சீமையிலேயே நடந்தது.

நண்பர் சற்று நேரம் தெருவின் இருபுறத்து வீடுகளையும் பார்த்தார். "அந்தப் புயல் இங்கே அடித்திருந்தால் எத்தனை கதவுகள் திறந்திருக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

படத்தைப் பாராமலே அவரை இப்படிக் கேட்க வைத்துவிட்டதே! டைரக்டரின் வெற்றிக்கு வேறு சாக்ஷி வேண்டுமோ?