மக்காச்சோளத்துக்கு எவ்வளவு உரம்? மண் வள அட்டை சொல்வதும் சொல்லாததும்

பீகாரின் ககாரியா, பூர்ணியா, கதிஹார் மாவட்டங்களில் ரபி பருவ மக்காச்சோளம் முக்கியப் பயிராகும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைக்கப்படும் இப்பயிர் தழைச்சத்தை அதிக அளவில் எடுத்துக்கொள்ளும். உரக் கணக்கு தவறினால், குறைந்தாலும் கூடினாலும் இழப்பு விவசாயிக்கே.

இக்கணக்குக்கு உதவும் மண் வள அட்டைத் திட்டத்தை, பிரதமர் நரேந்திர மோடி 2015 பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கி வைத்தார். தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், கரிமக் கார்பன், அமில-காரத் தன்மை உள்ளிட்ட 12 அளவீடுகள் அட்டையில் இடம்பெறுகின்றன.

எனினும், அந்த எண்கள் குறிப்பிட்ட வயலுக்கே உரியவை எனக் கொள்ள முடியாது. திட்டத்தின் தொடக்க விதிகளின்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மண் மாதிரியே எடுக்கப்பட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலப்பரப்பு 1.08 ஹெக்டேர் மட்டுமே. பக்கத்து வயலின் மண்ணை வைத்துத் தன் வயலுக்குப் பரிந்துரை பெற்றவர்களும் இதனால் இருக்கக்கூடும்.

சொந்த வயலில் மாதிரி எடுப்பது கடினமான பணி அல்ல. உரமிடுவதற்கு முன், 8 முதல் 10 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மண்ணை நன்கு கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ அளவில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

பரிந்துரை கையில் கிடைத்த பின்னரும் ஒரு பிழை நேர்வதுண்டு. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 60 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். மணிச்சத்துக்காக 130 கிலோ டிஏபி இடும்போது, அதிலிருந்தே சுமார் 23 கிலோ தழைச்சத்தும் கிடைத்துவிடுகிறது. எஞ்சிய தேவைக்கு 210 கிலோ யூரியா போதுமானது. டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் 260 கிலோ யூரியா இட நேரிடும். 45 கிலோ மூட்டைக் கணக்கில், ஒரு மூட்டைக்கும் மேல் வீண் செலவாகும். யூரியா முழுவதையும் ஒரே தடவையில் இடாமல், பயிர் முழங்கால் உயரம் வளரும்போதும் ஆண் பூ வெளிவரும் தருணத்திலும் பிரித்து இடுவது வழக்கம்.

குளிர்காலத்தில் மற்றொரு குழப்பமும் ஏற்படுகிறது. இளம் பயிரின் இலைகள் ஊதா நிறமாக மாறுவது மணிச்சத்துக் குறைபாட்டின் அறிகுறி. ஆனால், குளிர்ந்த மண்ணில் வேர் வளர்ச்சி மந்தமாக இருப்பதால், போதிய மணிச்சத்து உள்ள வயலிலும் இதே நிறம் தோன்றலாம். மண் ஆய்வில் மணிச்சத்து போதுமான அளவு எனத் தெரியவந்திருந்தால், கூடுதல் டிஏபி வாங்கத் தேவையில்லை; வெப்பம் கூடியதும் புதிய இலைகள் பச்சையாகவே வெளிவரும்.